துலாபாரத் தட்டில் இசக்கி

நான் எழுதிய மருத்துவச் சான்றிதழ்களில் மிக மோசமானது நான்கே வரி. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது தப்பு என்று எனக்குப் புரியத்தான் வருஷக்கணக்கில் ஆனது. குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் "அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள் மேடம்" என்று கேட்டதும் எனக்கு அந்த நான்கு வரிதான் ஞாபகம் வந்தது. நல்லபடியாக முடிந்ததால் தைரியமாகச் சொல்கிறேன். வேறு மாதிரி முடிந்திருந்தால் உங்கள் முன்னால் நின்று பேச எனக்கு வாய் இருந்திருக்காது.

தொண்ணூறுகளில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் காலையில் ஆஸ்துமா இழுப்பு வரும் குழந்தைகளுக்காகத் தனி ஓ.பி. நடத்தினோம். பொன்முடி எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து இருட்டோடு கிளம்பி, வித்துராவில் பஸ் மாறி வருகிற தாய்மார்கள் ஒரு பக்கம். கரமனையிலிருந்து டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டு "எவ்வளவு நேரம் டாக்டர்?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். நானும் கரமனை அக்ரகாரத்துக்காரிதான், அலுத்துக்கொள்வது எங்கள் பிறப்புரிமை. ஒரு காலைக்கு எழுபது எண்பது குழந்தைகள் வரும். ஒரு குழந்தைக்கு மூன்று நிமிஷம் கொடுத்தால் அது பெரிய தர்மம்.

இசக்கி அந்தக் கூட்டத்தில்தான் வந்தாள். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை, ஆனால் அவளுக்குப் பொருந்துகிற பெயர். முதலில் வந்தபோது நாலு வயசு. விலா எலும்பை எண்ணலாம். மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போய்வந்தது. அம்மா செண்பகமும் அப்பா சுடலைமுத்துவும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுடலைமுத்துவுக்குச் சாலைக் கடைத்தெருவில் வாழைப்பழ மொத்தக்கடை. வாழைத்தாரைக் கையால் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். மகளையும் அப்படித்தான். எங்கள் எடை மிஷினில் அவளை நிறுத்துவதற்கு முன்பே, "பதினொண்ணேமுக்கால் இருக்கும் பாத்துக்கிடுங்க" என்பார். மிஷினும் பயந்துகொண்டு அதையே காட்டும்.

அந்த முதல் தடவை அவளை எப்படியோ பிழைக்க வைத்தோம். இரண்டு நாள் கழித்து அவள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த இரண்டு நாளில் அவள் சாமியிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அதெல்லாம் டாக்டர் கேட்கிற விஷயமா என்று நினைத்த காலம் அது.

ஆறு வயசில் பள்ளிக்கூடம். ஒரு நாள் டிரில் பீரியடில் ஓடும்போது இழுப்பு வந்துவிட்டது. செண்பகம் பதறிக்கொண்டு வந்து ஒரு கடிதம் கேட்டாள். நான் எழுதிக் கொடுத்தேன். "இந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா உள்ளது. டிரில் பீரியடிலிருந்து விலக்கு அளிக்கவும். ஓடவோ விளையாடவோ விட வேண்டாம். மாடிப்படி ஏற விட வேண்டாம்." கையெழுத்து, சீல், தேதி. அடுத்த நோயாளி.

ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடம் புதுச் சான்றிதழ் கேட்டது. ஒவ்வொரு ஜூனிலும் பழையதைப் பார்த்துப் புதியதை எழுதினேன். இதற்கு நடுவே மழை பிடித்தால் இழுப்பு, பனி பிடித்தால் இழுப்பு. ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. சில தடவை அவளைப் பார்க்காமல் போனிலேயே சொன்னேன், அந்தத் தப்பையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த மாத்திரை பசியைக் கிளப்பும் என்று முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாழைப்பழக் கடைக்காரர் வீட்டில், ஒரு தடவை பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்த தாயின் அடுக்களையில், அந்தப் பசி என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. நெய்யில் வாட்டிய ஏத்தன்பழம், அதாவது நேந்திரம்பழம், ஏத்தங்காய் வறுவல், சாயங்காலம் மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி. பசிக்குது என்று பிள்ளை சொல்வதைக் கேட்கத்தானே செண்பகம் தவம் கிடந்தாள்!

ஒன்பது வயசில் இசக்கி நாற்பத்து நாலு கிலோ. நான் அப்போதுதான் விழித்துக்கொண்டேன். விழித்துக்கொண்டதும் என்ன செய்தேன்? திட்டினேன். அது எனக்குக் கைவந்த கலை.

"என்ன செண்பகம், பிள்ளைய வளக்கிறியா, தாரைப் பழுக்க வைக்கிறியா? எடையைக் குறைக்கணும், கேட்டியா?"

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். நானும் அப்போது ஒல்லி இல்லை. இரண்டாவது மாடி வார்டுக்கு ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்று, நோட்டீஸ் போர்டைப் படிக்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வேன்.

"நீங்க நல்லாத்தான டாக்டரம்மா இருக்கிய?" என்றாள். என் உதவிக்கு நின்ற சிஸ்டர் திரும்பிக்கொண்டு சிரித்தாள். இந்த சிஸ்டர் மலையாளி, என்னைவிடப் பத்து வருஷம் மூத்த அனுபவசாலி. அவள் சிரித்தால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஜூன் மாதம் ஒரு காலையில் இசக்கியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ் வகுப்பு மழையில் ஒழுகியதால் மாடி வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். படி ஏறி முடித்ததும் உட்கார்ந்துவிட்டாளாம். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குகிறது. செண்பகம் பின்னாலேயே ஓடிவந்து, "இழுப்பு வந்துட்டும்மா, ஊசி போடுங்க" என்று கத்துகிறாள். என் ஜூனியர் டாக்டர் அதற்குள் சிரிஞ்சில் மருந்தை எடுத்துவிட்டாள்.

நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இழுப்புச் சத்தம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்களுக்கும் இது வரும். மூச்சு வாங்குகிற குழந்தையின் நெஞ்சில் சத்தம் இல்லை என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, அது இழுப்பே இல்லை, பழக்கமில்லாத கனத்த உடம்பு படி ஏறிக் களைத்திருக்கிறது. இன்னொன்று, இழுப்பு அவ்வளவு கடுமை, சத்தம் போடக்கூட உள்ளே காற்று ஓடவில்லை. முதலாவது என்றால் ஒரு தம்ளர் தண்ணீர் போதும். இரண்டாவது என்றால் கையில் சில நிமிஷம்தான். பருத்த குழந்தையிடம் இன்னும் கஷ்டம், சதைக்குப் பின்னால் இருக்கிற சத்தம் காதுக்கே சரியாக எட்டாது. தாய் அழுகிறாள், ஜூனியர் ஊசியோடு நிற்கிறாள், எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததால் வாயில் வந்ததைக் கேட்டேன். "இசக்கி, இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டே?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு குத்தி புட்டு, பயறு, பப்படம், பின்னே ஒரு ஏத்தம்பழம், பின்னே டீ, பின்னே ஸ்கூலுக்குப் போற வழில அப்பா கடைல ரெண்டு மட்டிப்பழம், அம்மைக்கு அது தெரியாது."

அத்தனையும் ஒரே மூச்சில்! காற்றே ஓடாத குழந்தை இவ்வளவு பெரிய பட்டியலை ஒரே மூச்சில் சொல்லாது. உதட்டைப் பார்த்தேன், சிவப்பு. கழுத்தைப் பார்த்தேன், இழுக்கவில்லை. ஊத வைத்துப் பார்க்கும் குழாயைக் கொடுத்தேன், அவளுடைய நல்ல நாளில் என்ன ஊதுவாளோ அதற்குப் பக்கத்தில் ஊதினாள். "ஊசிய கீழ வை" என்றேன். பத்து நிமிஷம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடியதால் வரும் இழுப்பு, ஓட்டம் நின்ற பிறகுதான் கூடும். இவளுக்கோ உட்கார உட்காரக் குறைந்தது. எழுந்து போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

அப்பாடா என்று இருந்தது. நியாயமாக நான் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நோயைச் சரியாகக் கண்டுபிடித்த டாக்டருக்கு வருகிற மமதை இருக்கிறதே, அதைவிட ஆபத்தான பொருள் ஆஸ்பத்திரியில் இல்லை. ஓ.பி. வராந்தாவில், பத்துப் பேர் காதில் விழும்படி செண்பகத்திடம் சொன்னேன். "இழுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் எடைதான். எடையைக் குறை, எல்லாம் சரியாகும்."

செண்பகம் தலையாட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போய், தினமும் எடுக்கச் சொல்லி நான் கொடுத்திருந்த இன்ஹேலரைத் தூக்கிப் பரணில் போட்டாள். ஏன் மாட்டாள்? அதைத் தொட்டால் பழகிவிடும் என்று ஊரே அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. இப்போது டாக்டரே இழுப்பு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழையில், காலை பத்து மணிக்கு சுடலைமுத்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஆட்டோ வழியில் தண்ணீரில் நின்றுவிட்டதாம். நாற்பத்து நாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடியிருக்கிறார். அவளை மேஜையில் கிடத்தினார். அவளால் கிடக்க முடியவில்லை, கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இசக்கி, காலைல என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"புட்..." என்றாள். அவ்வளவுதான். மீதி எழுத்துக்குக் காற்று இல்லை.

நெஞ்சில் வைத்தேன். இப்போதும் சத்தம் இல்லை. ஆனால் இது அந்தச் சத்தமின்மை அல்ல. உதட்டில் நீலம் ஓடியிருந்தது. ஆக்சிஜன் வைத்தோம், மருந்துப் புகை வைத்தோம். டிரிப் போட நரம்பு வேண்டும். ஜூனியர் இரண்டு கையிலும் தேடினாள், கிடைக்கவில்லை. நான் தேடினேன், கிடைக்கவில்லை. அந்தக் கொழுகொழுக் கையில் எங்கே குத்துவது? நான்கு தடவை குத்தினோம். அந்தக் குழந்தைக்கு அழக்கூட மூச்சு இல்லை. சிஸ்டர் என்னை லேசாகத் தோளால் தள்ளிவிட்டு, கணுக்காலைத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடி, ஒரே குத்தில் போட்டாள். அந்தக் கைக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

அதன் பிறகும் சட்டென்று திரும்பவில்லை. எடை கூடிய பிள்ளைகளிடம் இதை நீங்கள் பார்ப்பீர்கள். நுரையீரல் விரிய இடம் குறைவு, இழுப்பு அடிக்கடி வரும், வந்தால் மருந்துக்கு லேசில் மசியாது. மெலிந்த குழந்தை அரைமணியில் மீண்டுவிடும் இடத்தில் இவள் இரண்டு மணி நேரம் எங்களை நிற்க வைத்தாள். பன்னிரண்டேகால் வாக்கில் நெஞ்சில் ஒரு மெல்லிய விசில் கேட்டது. இழுப்புச் சத்தம்! சாதாரணமாக எந்தச் சத்தத்தை ஒழிக்கப் பாடுபடுகிறோமோ, அதைக் கேட்டு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காற்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு மணிக்கு அவள் "தண்ணி" என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அழுது முடித்திருந்தாள், இப்போது கோபம்.

"நீங்கதான சொன்னீய, இழுப்பு ஒண்ணுமில்ல, எல்லாம் எடதான்னு? அதான அந்த மருந்து பம்ப நிப்பாட்டுனேன். நாங்க என்ன கண்டோம், நீங்க படிச்சவிய."

"தப்பு என்னோடதுதான்" என்றேன். அந்த வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் குரல் இறங்கியது. "எடையக் கொறைன்னு வேற சொல்லுதீய. நான் எப்படிம்மா கொறைப்பேன்? கொறச்சா சாமி குத்தமாயிரும்லா."

அப்போதுதான் ஒரு நேர்த்திக்கடன் வெளியே வந்தது, இந்த ஊரில் நேர்ச்சை என்பார்கள். நாலு வயசில் இசக்கி பிழைப்பாளா என்று இருந்த அந்த இரண்டு நாளில், செண்பகம் பகவதிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் மேட மாசத்தில், அதாவது நம் சித்திரையில், அவளுடைய பிறந்த நட்சத்திரத்தன்று, கதலிப்பழத்தில் துலாபாரம். தராசின் ஒரு தட்டில் பிள்ளை, இன்னொரு தட்டில் பழம், இரண்டும் நேராக நிற்கும்வரை. இது இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் செண்பகம் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறாள். போன வருஷம் வைத்ததற்கு ஒரு பழம்கூடக் குறையாது. எலும்பும் தோலுமாக ஒவ்வொரு மழைக்கும் எடை இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு தாய் வேறு என்ன கேட்பாள்? கடைசியாக வைத்தது நாற்பத்து மூன்று கிலோ கதலி.

"பழத்தக் கூட வச்சாப் போச்சு செண்பகம். பிள்ளை எட குறைஞ்சா என்ன?" என்றேன், புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"தட்டு நேரா நிக்கணும்லாம்மா! சாமி முன்னால கள்ளத் தட்டு வைக்கச் சொல்லுதீயளா?"

என் நாக்கு நுனியில் மூடநம்பிக்கை என்ற வார்த்தை வந்து நின்றது. மூன்று வாரத்துக்கு முன் அந்த நாக்கு சொன்னதுதான் அன்றைக்கு ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. அதனால் அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன். ஆனால் வழியும் தெரியவில்லை. எடை ஏறினால் என் நோயாளி போய்விடுவாள், இறங்கினால் அவள் தாய் உடைந்துவிடுவாள். தாயை உடைத்துவிட்டுப் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் யாரும் இல்லை.

டூட்டி ரூமில் இசக்கியின் பழைய சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் டீ கொண்டுவந்து வைத்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"டாக்டரே, எடை எல்லாத்திலயும் உண்டு. உயரம் எவிடெ?"

பார்த்தேன். ஐந்து வருஷச் சீட்டு. எடைக் கட்டம் ஒன்று விடாமல் நிரம்பியிருக்கிறது. மருந்தின் அளவுக்கு எடை வேண்டுமே, அதனால் கவனமாக எழுதியிருக்கிறோம். பக்கத்திலேயே உயரத்துக்கு ஒரு கட்டம். முதல் நாள் தவிர ஒன்றிலும் எழுதவில்லை. கூட்டத்தில் பிள்ளையைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிறுத்தி அளக்க யாருக்கு நேரம்? அவள் வளர்கிற பிள்ளை என்பதே எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

வார்டுக்குப் போய், அவள் எழுந்து நிற்க முடிந்த அன்றைக்கே அளந்தோம். நூற்று இருபத்தொன்பது சென்டிமீட்டர். பெண்பிள்ளை, இந்த வயசில் கிடுகிடுவென்று வளரும். எடையைக் குறைக்கவே வேண்டாமே! இருக்கிற இடத்தில் நிறுத்தினால் போதும். உயரம் வந்து அந்த எடையைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் செண்பகத்தின் நேர்ச்சை இல்லாமல் இருந்திருந்தால் நான் 'குறை குறை' என்றே கத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

செண்பகத்தையும் சுடலைமுத்துவையும் உட்கார வைத்துச் சொன்னேன். "சாமிக்கு நாப்பத்து மூணுக்குக் குறையக்கூடாது. எனக்கு நாப்பத்து நாலுக்குக் கூடக்கூடாது. அடுத்த மேட மாசம் வரைக்கும் அந்த நடு இடத்துல நிறுத்துவோம். முடியுமா?"

செண்பகம் நம்பாமல் பார்த்தாள். சுடலைமுத்துதான் கேட்டார். "எட கூடாம பிள்ள வளருமா டாக்டரம்மா?"

"உங்க கடைப் பழத்துக்கு உயரம் கிடையாது. உங்க மகளுக்கு உண்டு."

அவர் அதை மனசுக்குள் ஒரு தடவை நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப சரி" என்றார்.

நெய்யும் பழம்பொரியும் நின்றன. புட்டை நாங்கள் தொடவில்லை, ஒரு குத்தியாகக் குறைத்ததோடு சரி. இன்ஹேலர் பரணிலிருந்து இறங்கியது. காலையும் மாலையும் தவறாமல் எடுக்க வேண்டும், அது எடைக்கு அல்ல, இழுப்புக்கு. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும் என்று இந்தத் தடவை உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். ஸ்டீராய்டு மாத்திரை என் கண்ணால் பார்த்தால் மட்டும். பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சான்றிதழ் எழுதினேன், அதுவும் நான்கு வரிதான். "என் பழைய சான்றிதழ்கள் தவறு. இந்தக் குழந்தை விளையாட வேண்டும். விளையாடும் முன் இரண்டு தடவை இன்ஹேலர் எடுப்பாள். இழுப்பு வந்தால் மறுபடி கொடுத்து எனக்குப் போன் செய்யவும்." பள்ளிக்கூடத்தில் பயந்தார்கள். ஒரு டாக்டர் தன் சான்றிதழ் தவறு என்று எழுதித் தந்து அவர்கள் பார்த்ததில்லையாம். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதா மாதம் எடை, மாதா மாதம் உயரம். அந்த வருஷம் போல் ஒரு எடை மிஷினை நான் முறைத்துப் பார்த்ததே இல்லை. ஓணத்துக்கு நாற்பத்து நாலரை ஏறியது, நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்து நாற்பத்து இரண்டரை ஆனது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். செண்பகம் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அடுத்த மாசம் மறுபடி நாற்பத்து மூன்றரை. இடையில் நெய்யில் வாட்டிய ஏத்தன்பழம் புகுந்து விளையாடியிருக்கிறது என்று இசக்கியின் முகத்திலேயே தெரிந்தது. பழைய நான் என்றால் வராந்தாவே அதிரக் கத்தியிருப்பேன். "சரி, இத்தோட நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். சிஸ்டர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மழை போய், பனி போய், அந்த ஒன்பது மாசத்தில் இசக்கி ஆஸ்பத்திரியில் படுக்கவே இல்லை. இரண்டு தடவை லேசாக இழுத்தது, இன்ஹேலரிலேயே அடங்கிவிட்டது. பள்ளிக்கூட ரிலே ஓட்டத்தில் முதலில் குச்சியை வாங்கிக் கொடுக்கிற இடத்தில் நின்றாள். பிறகு குச்சியோடு ஓடினாள்.

மேட மாசம் வந்தது. துலாபாரத்துக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்று செண்பகம் நேரில் வந்து கூப்பிட்டாள். சிஸ்டரும் நானும் போனோம். கோயிலுக்கு நல்ல உயரமான படிக்கட்டு. நான் பாதியில் நின்று, நோட்டீஸ் போர்டு இல்லாததால் மரத்தைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கினேன். மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், பதுக்கெ வந்தா மதி!"

மெதுவாக வந்தால் போதும் என்கிறாள், பட்டுப்பாவாடையோடு நின்ற இசக்கி. எங்களைத் தேடி அதற்குள் இரண்டு தடவை இறங்கி ஏறிவிட்டாளாம்.

உத்தரத்திலிருந்து பெரிய தராசு தொங்கியது. சுடலைமுத்து கடையிலேயே நிறுத்துக் கொண்டுவந்த நாற்பத்து மூன்று கிலோ கதலியை ஒரு தட்டில் அடுக்கினார். மூன்று சீப்பைத் தனியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காய்ச்சலும் நெய்யும் மாறி மாறி வந்த அந்த வருஷத்தில், எத்தனை இருக்கும் என்று அன்றைக்கு அவரும் சொல்லவில்லை. சொல்லப் பயம். போன தடவை நான் எடை பார்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இசக்கி இன்னொரு தட்டில் ஏறி உட்கார்ந்தாள். செண்பகம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மகளின் தட்டு மேலே போய்விடக்கூடாது என்று வேண்டுகிறாள். அது ரொம்பக் கீழே போய்விடக்கூடாது என்பது என் கவலை. குனிந்து பார்த்தால் என் கையும் கூப்பியிருக்கிறது. இருபது வருஷம் எம்.டி. படிப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், அன்றைக்கு ஒரு தராசு முன்னால் நின்று பகவதியிடம் கெஞ்சினேன்.

தட்டு ஆடியது. ஆடி ஆடி நின்றது. இசக்கியின் தட்டு இரண்டு விரற்கடை கீழே இருந்தது.

சுடலைமுத்து ஒரு சீப்பை எடுத்து, கூட்டத்தில் எல்லாரும் பார்க்கும்படி, மெதுவாக வைத்தார். தட்டு நேராக நின்றது.

"ஒரு சீப்பு கூட!" என்று செண்பகம் கத்தினாள். அழுதுகொண்டே சிரித்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அதே அழுகை. நாற்பத்து மூன்றும் ஒரு சீப்பும், நாற்பத்து நாலுக்குள். அந்த ஒன்பது மாசத்தில் பிள்ளை ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். பகவதிக்கும் குறை இல்லை, எனக்கும் குறை இல்லை.

இசக்கி தட்டிலிருந்து குதித்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, ஓடா..." என்று செண்பகம் வாயைத் திறந்தாள். ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்த மகளை நிறுத்தி, முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வாங்கியது, ஓடிய பிள்ளைக்கு வாங்க வேண்டிய அளவு. இழுப்பு இல்லை. கையை எடுத்தாள். அவள் மறுபடி ஓடினாள்.

பிரசாதமாகத் திரும்பி வந்த கதலியைச் செண்பகம் எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கு ஒன்று வந்தது. தேன் மாதிரி இருந்தது. தோலைப் போட்டுவிட்டு, எவ்வளவு நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பில் தட்டத்துக்கு மறுபடி கையை நீட்டினேன்.

செண்பகம் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு மதி, டாக்டரம்மா" என்றாள்.